தெருவில் நின்று பார்க்கும் வரைபடம்

வீடு கட்ட வருகிறவர்கள் என் மேஜையில் விரித்திருக்கும் பிளானைப் பார்த்து முதலில் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: "வாசப்படி எந்தப் பக்கமுங்க?" வாசலுக்கு நேரே அம்புக்குறி போட்டுப் பெரிய எழுத்தில் எழுதியிருப்பேன். இருந்தும் கேட்பார்கள். திருச்செங்கோட்டில் வீட்டு பிளான் போட்டு அனுமதி வாங்கித் தரும் சிவில் இன்ஜினியர் நான். இந்தக் கேள்வியை அறியாமை என்று ஒருநாளும் நினைத்ததில்லை. கேட்கிறவர் நூலைத் தடவிப் பார்த்தே அது எத்தனையாம் நம்பர் என்று சொல்லும் தறிக்காரராக இருப்பார். இல்லையென்றால், மத்தியப் பிரதேசத்தில் எந்தத் தாலுகாவில் எத்தனை அடியில் பாறை மாறும் என்று மனப்பாடமாக வைத்திருக்கும் ரிக் வண்டிக்காரராக இருப்பார். அவர்களிடம் இல்லாதது ஒன்றே ஒன்று. மேலிருந்து பார்த்து வரைந்த கோடுகளை மனதுக்குள் சுவராக எழுப்பி, அதற்குள் நடந்து பார்க்கும் பழக்கம். அதைத்தான் எங்களுக்குக் கல்லூரியில் நான்கு வருடம் சொல்லிக்கொடுத்தார்கள்.

சொந்த வீடென்றால் இதைச் சமாளித்துவிடலாம். கடைக்கால் தோண்டுவதற்கு முன்னால் மனையில் கயிறு பிடித்துச் சுண்ணாம்புப் பொடியில் கோடு போடுவோம். கோடு விழுந்ததும் குடும்பமே உள்ளே நடக்க ஆரம்பித்துவிடும். பிளானைப் பார்த்துத் தலையாட்டிக் கையெழுத்துப் போட்ட அதே அம்மா, கோட்டுக்குள் நின்றதும் சொல்வார்: "ஏங்கண்ணு, இதுல கட்டலப் போட்டா பீரோ எங்க வெப்ப?" அவர் சொல்வது அநேகமாகச் சரியாகவே இருக்கும். அந்த நேரத்தில் திருத்துவதற்கு ஆகும் செலவு ஒரு கைப்பிடிப் பொடி. சுவிட்சர்லாந்தில் இதைச் சட்டமாகவே வைத்திருக்கிறார்கள். கட்டடம் எழுப்ப அனுமதி கேட்பவர், அது எவ்வளவு உயரம், எந்த வடிவம் என்று ஊருக்குத் தெரியும்படி மனையில் உயரமான கம்பங்களை நட்டுக் காட்ட வேண்டும். அக்கம்பக்கத்தார் அதைப் பார்த்துவிட்டு ஆட்சேபம் சொல்லலாம்.

தெருவுக்கும் சந்தைக்கும் பேருந்து நிறுத்தத்துக்கும் நம் ஊரில் சுண்ணாம்புக் கோடு கிடையாது. சாக்கடை எந்தப் பக்கம், நடைமேடை எவ்வளவு அகலம், விளக்குக் கம்பம் யார் வாசலில் என்பதெல்லாம் ஓர் அலுவலகத்தில் காகிதத்தில் முடிவாகி, எஸ்டிமேட்டாகி, டெண்டராகி, ஜே.சி.பி. வந்து நிற்கும்போதுதான் தெருவுக்குத் தெரிகிறது. அப்போது எழும் சத்தத்தை மக்கள் வளர்ச்சிக்கு ஒத்துழைப்பதில்லை என்று எழுதிவிடுகிறார்கள். ஒத்துழைக்க அவர்கள் கையில் அதற்கு முன் எதைக் கொடுத்தோம்? படிக்க முடியாத ஒரு தாளை. வரைபடம் படிக்கத் தெரிந்தவருக்கு மட்டும் வாய் இருக்கும் ஊரில் மற்றவர்கள் எல்லாரும் கடைசியில் கத்துகிறவர்களாகத்தான் இருக்க முடியும்.

இந்த இடத்துக்குத்தான் ஏ.ஆர். எனப்படும் ஆக்மென்டட் ரியாலிட்டி வருகிறது. மிகை மெய்ம்மை என்று தமிழில் எழுதுகிறார்கள். போனைத் தெருவின் பக்கம் நீட்டினால், கேமராவில் தெரியும் உண்மையான தெருவின் மேல், இன்னும் கட்டாத நடைமேடையும் நடாத மரமும் அதனதன் நிஜ அளவில் நிற்கும். நாம் இரண்டு அடி நகர்ந்தால் அதன் பக்கவாட்டு தெரியும். குனிந்தால் அடிப்பக்கம் தெரியும். கண்ணை முழுக்க மூடி வேறோர் உலகத்துக்குக் கொண்டுபோகும் வி.ஆர். கண்ணாடி வேறு, இது வேறு. இங்கே நம் தெரு, நம் வெயில், எதிரே வரும் டவுன் பஸ் எல்லாம் அப்படியே இருக்கும். புதிதாக வரப்போவது மட்டும் அதில் சேரும்.

இல்லாத ஒரு பெஞ்சு திரையில் எப்படித் தரைமேல் நிற்கிறது என்று பலரும் கேட்கிறார்கள். கேமரா, எதிரே இருக்கும் காட்சியில் மூலைகள், கறைகள், விரிசல்கள் என்று அடையாளமான இடங்களைப் புள்ளிகளாகக் குறித்துக்கொள்கிறது. கை அசையும்போது அந்தப் புள்ளிகள் படத்தில் எவ்வளவு நகர்கின்றன என்று பார்க்கிறது. போனுக்குள் இருக்கும் சிறிய உணரிகள், கை எந்தப் பக்கம் எவ்வளவு திரும்பியது என்று சொல்கின்றன. இரண்டையும் சேர்த்து, தான் எங்கே நிற்கிறேன் என்பதைப் போன் நொடிக்குப் பல முறை கணக்குப் போடுகிறது. தரை எந்த மட்டத்தில் இருக்கிறது என்று பிடிபட்டதும், அதன் மேல் நாம் கொடுத்த பெஞ்சின் உருவத்தை வைக்கிறது. ஆப்பிள் நிறுவனம் 2017இல் ஏ.ஆர்.கிட் என்ற பெயரிலும், கூகுள் 2018இல் ஏ.ஆர்.கோர் என்ற பெயரிலும் இந்தக் கணக்கைச் சாதாரண போனுக்குள் கொண்டுவந்துவிட்டன. அதற்கு முன் இது ஆய்வுக்கூடத்துச் சாமான். 1968இல் ஐவன் சதர்லேண்ட் செய்த முதல் தலைக்கருவியைக் கூரையிலிருந்து தொங்கும் தண்டில் பொருத்தி வைத்திருந்தார்கள். 1990ஐ ஒட்டி ஆக்மென்டட் ரியாலிட்டி என்று பெயர் வைத்த டாம் காடெல் போயிங் விமான நிறுவனத்துக்காரர். விமானத்துக்குள் போகும் வயர்களை எந்த வழியில் இழுப்பது என்று தொழிலாளிக்குக் கண்ணெதிரே காட்டத்தான் அந்த யோசனை.

நகர வடிவமைப்புக்கு இதைக் கொண்டுவந்தவர்கள் போனிலிருந்து தொடங்கவில்லை, மேஜையிலிருந்து தொடங்கினார்கள். 1999இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் ஜான் அண்டர்காஃப்லரும் ஹிரோஷி இஷியும் 'அர்ப்' என்ற ஒரு மேஜையைச் செய்தார்கள். சின்னச் சின்னக் கட்டட மாதிரிகளை மேஜையில் வைத்தால், மேலிருந்து புரொஜெக்டர் அவற்றின் நிழலை மேஜை மேல் விழச் செய்யும். காலை, மதியம், மாலை என்று நேரத்தை மாற்றினால் நிழல் நகரும். கட்டடத்தைக் கையால் தள்ளினால் நிழலும் கூடவே போகும், காற்று எந்தச் சந்தில் புகுந்து எங்கே அடைபடுகிறது என்பதும் கோடுகளாகத் தெரியும். எனக்கு இதில் பிடித்தது, சுற்றி நிற்கும் எல்லாரும் ஒரே நேரத்தில் ஒரே பொருளைத் தொட முடியும் என்பதுதான். கம்ப்யூட்டர் மவுஸ் ஒருவர் கையில் இருக்கும். மேஜை எல்லாருக்கும் பொது.

நிழல் நம் ஊருக்கு அலங்காரச் சமாச்சாரம் இல்லை. திருச்செங்கோடு இருக்கும் அட்சரேகையில் ஏப்ரல் 20ஐ ஒட்டிய நாட்களில் நண்பகல் சூரியன் நேர் உச்சியில் நிற்கும். அதற்குப் பிறகு ஜூன், ஜூலை முழுக்க நண்பகல் வெயில் சற்று வடக்கிலிருந்து சாயும். குளிர் நாட்டுப் பாடப்புத்தகத்தைப் பார்த்துத் தெற்குப் பக்கம் மட்டும் மறைத்துக் கட்டும் நிழற்குடையில், மே மாதம் மூன்று மணிக்கு மேற்கு வெயில் நேராக முகத்தில் அடிக்கும். நிழற்குடைக்கு வெளியே, அடைத்த கடையின் ஷட்டரை ஒட்டி வரிசையாக நிற்கும் பெண்களைப் பார்த்தால் அந்த நிழற்குடையின் டிசைன் எப்படி என்று தெரிந்துவிடும். இதைக் கட்டுவதற்கு முன்பே மேஜையில் பார்த்திருக்க முடியும்.

அது போன்ற ஒரு மேஜை ஓர் ஊரின் பெரிய பிரச்சினையைத் தாங்கிய கதை ஜெர்மனியின் ஹாம்பர்க்கில் நடந்தது. 2015இல் சிரியா முதலான நாடுகளிலிருந்து அகதிகள் பெருமளவில் வந்து சேர்ந்தார்கள். அவர்களை எங்கே தங்கவைப்பது? ஒவ்வொரு பேட்டையும் "எங்கள் பக்கம் வேண்டாம்" என்றால் என்ன செய்வது? அப்போது ஹாம்பர்க் மேயராக இருந்தவர் ஓலாஃப் ஷோல்ஸ். பின்னாளில் நாட்டின் சான்சலரே ஆனார். அங்குள்ள ஹாஃபன்சிட்டி பல்கலைக்கழகம், எம்.ஐ.டி.யின் 'சிட்டிஸ்கோப்' மேஜையை எடுத்துக்கொண்டது. 2016 மே முதல் ஜூலை வரை 34 பட்டறைகள், ஏறக்குறைய 400 பேர். மேஜை மேல் அவர்கள் பேட்டையின் வரைபடம் ஒளியாக விழும். காலி இடம் என்று தோன்றும் இடத்தில் லெகோ கட்டையை வைக்க வேண்டும். வைத்த உடனே அந்த நிலம் யாருடையது, என்ன தடை உண்டு, பக்கத்தில் ஏற்கெனவே எத்தனை பேர் தங்கியிருக்கிறார்கள் என்பதெல்லாம் திரையில் வரும். மறுப்புச் சொல்ல வந்தவரும் கட்டையைக் கையில் எடுத்தால் "இங்கே வேண்டாம்" என்பதோடு நிறுத்த முடியாது. "அங்கே வைக்கலாம்" என்று ஓரிடத்தைக் காட்ட வேண்டும்.

மக்கள் 161 இடங்களைச் சொன்னார்கள். அதிகாரிகளின் பரிசீலனையில் 44 தேறின. கடைசிக் கட்டம்வரை வந்தவை 10. இதைத் தோல்வி என்று சிலர் சொல்லக்கூடும். எனக்கு அப்படிப் படவில்லை. 400 பேர் தங்கள் ஊரின் நிலத்தை விதிகளோடு சேர்த்துப் படித்துவிட்டு வீட்டுக்குப் போனார்கள். ஒரு யோசனை ஏன் தள்ளப்பட்டது என்பது அவர்களுக்குத் தெரியும். நம் ஊரில் ஒரு மனு எதற்குத் தள்ளுபடியானது என்று தெரியாமலேயே பத்து வருடம் அதே மனுவைத் தூக்கிக்கொண்டு நடக்கிறவர்களை நான் தினமும் பார்க்கிறேன்.

மேஜையிலிருந்து தெருவுக்கு வந்ததில் நியூசிலாந்தின் கிரைஸ்ட்சர்ச் முக்கியமானது. 2011 பிப்ரவரி 22 நிலநடுக்கத்தில் 185 பேர் இறந்தார்கள், நகரத்தின் நடுப்பகுதி இடிந்துபோனது. காலி மனைகளுக்கு நடுவே நின்றால் எது எங்கே இருந்தது என்று ஊர்க்காரருக்கே புரியாத நிலை. கேன்டர்பரி பல்கலைக்கழகத்தின் ஹிட் லேப் 'சிட்டிவியூஏஆர்' என்ற செயலியைச் செய்து கொடுத்தது. இடிந்த மனைக்கு எதிரே போனைப் பிடித்தால் பழைய கட்டடம் அதே இடத்தில் எழுந்து நிற்கும். இனி என்ன கட்டலாம் என்று பேச, முன்பு என்ன இருந்தது என்ற நினைவு எல்லாருக்கும் ஒன்றாக இருக்க வேண்டும் அல்லவா?

ஐ.நா. வாழ்விட அமைப்பு 2012 முதல் 'பிளாக் பை பிளாக்' என்ற திட்டத்தில், பொது இடங்களை மக்களே வடிவமைக்க மைன்கிராஃப்ட் விளையாட்டைப் பயன்படுத்துகிறது. அதில் கட்டைகளை அடுக்கிப் பிள்ளைகள் வீடு கட்டி விளையாடுவார்களே, அதுதான். நேபாளத்தின் கீர்த்திபூரில் 'தே புகு' என்ற பழைய குளத்தை எப்படிச் சீரமைக்கலாம் என்று ஊர்க்காரர்கள் அதில் கட்டிக் காட்டினார்கள். ஜோகன்னஸ்பர்க்கில் எரிக்சன் நிறுவனத்தோடு சேர்ந்து இன்னொரு படி போனார்கள். மக்கள் கட்டியதைத் தெருவுக்கே கொண்டுவந்து போன் வழியாக அதே இடத்தில் நிறுத்திப் பார்த்தார்கள்.

இதையெல்லாம் படித்துக்கொண்டிருந்த காலத்தில்தான் எங்கள் மனைப்பிரிவில் பூங்கா இடம் பற்றிய பேச்சு வந்தது. 3,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவுகளில் சாலை போக மீதி நிலத்தில் 10 சதவீதத்தைப் பொதுத் திறந்தவெளியாக விட வேண்டும் என்று விதி இருக்கிறது. எங்கள் பகுதியில் அப்படி விட்ட இடம் சீமைக்கருவேலம் முளைத்துக் கிடந்தது. முள்ளை வெட்டிச் சுற்றுச்சுவர் எடுத்து, நடைபாதையும் பெஞ்சும் போடலாம் என்று தெருக்காரர்கள் பேசினார்கள். இன்ஜினியர் என்பதால் வரையும் வேலை எனக்கு வந்தது. தாளில் வரைந்து காட்டினேன். எல்லாரும் "நல்லாருக்குதுங்க" என்றார்கள். ஒருவர்கூட ஒன்றும் மாற்றச் சொல்லவில்லை. எல்லாரும் ஒரே குரலில் நன்றாக இருக்கிறது என்றால் யாரும் படிக்கவில்லை என்று அர்த்தம்.

அதனால் அதே வரைவை இலவசமாகக் கிடைக்கும் பிளெண்டர் மென்பொருளில் முப்பரிமாணத்தில் செய்து, டேப்லெட்டில் ஏற்றி, ஒரு சாயங்காலம் அந்த இடத்துக்குக் கொண்டுபோனேன். வெயில் தாழ்ந்த பிறகுதான் திரை தெரியும். சுவர் எழுந்தது, பெஞ்சுகள் அமர்ந்தன. டேப்லெட் கைமாறிக் கைமாறிப் போனது. ஐந்து நிமிடத்தில் அந்த இடம் சந்தைக்கடையாகிவிட்டது.

முதலில் பேசியவர் ரிக் வண்டி வைத்திருப்பவர். சுவரின் மூலையில் போய் நின்று டேப்லெட் வழியாகத் தெருவைப் பார்த்தார். "ஏனுங் அம்மணி, இந்தச் செவுரு இங்கன வந்துச்சுன்னா எம்பட வண்டி திரும்பாதுங்க." திருச்செங்கோட்டுக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்: போர் போடும் ரிக் என்பது கம்பிரசரும் உயர்ந்த மாஸ்ட்டும் ஏற்றிய கனரக லாரி. கூடவே ராடு ஏற்றிய சப்போர்ட் வண்டி ஒன்று வரும். பல மாதம் வடக்கே ஓடிவிட்டு ஊருக்கு வரும்போது அவை எங்கள் தெருவில்தான் திரும்பும். என் தாளில் தெருமூலை செங்கோணமாக இருந்தது. சட்டப்படி அதில் பிழை எதுவும் இல்லை. ஆனால் அந்தத் தெருவில் என்ன ஓடுகிறது என்பது தாளுக்குத் தெரியாது. மூலையைச் சரிவாக வெட்டி உள்ளே தள்ளினோம். அங்கேயே திரையில் தள்ளி, அவரையே மறுபடி பார்க்கச் சொன்னேன்.

அடுத்து ஓர் அமுச்சி, அதாவது பாட்டி. பெஞ்சுகளைப் பூங்காவின் நடுவில், மரத்தடியில் வைத்திருந்தேன், படத்துக்கு அழகாக. அவர் டேப்லெட்டைத் தொடவில்லை, பேத்தி பிடித்துக் காட்டினாள். "இத்தன உள்ளாற போயி யாரு கண்ணு உக்கோருவா? கேட்டுகிட்ட கொண்டாந்து போடு. வாரவீங்க போறவீங்களப் பாக்கோணுமில்ல." பேத்தி விரலால் இழுத்தாள். பெஞ்சு வாசலுக்கு வந்தது. இன்னும் இரண்டு பெண்கள் சேர்ந்துகொண்டார்கள். பெஞ்சை எதிரெதிராகப் போடச் சொன்னார்கள், பேசிக்கொண்டிருக்க. தறிக்குடோனில் நைட் ஷிப்ட் முடிந்து விடிகாலையில் வருகிறவர்கள் வாசலில் குழாயும் விளக்கும் கேட்டார்கள். பையன்கள் நடைபாதையைச் சுவரோரமாகத் தள்ளிவிட்டு நடுவில் கிரிக்கெட்டுக்கு இடம் எடுத்துக்கொண்டார்கள். பந்து யார் வீட்டு ஜன்னலுக்குப் போகும் என்று அந்த வீட்டுக்காரர் உடனே கேட்டார். அந்தச் சண்டை அன்றைக்கு முடியவில்லை. ஆனால் சண்டை சுவர் எழுவதற்கு முன்னால் நடந்தது. எனக்கு வேண்டியிருந்தது அதுதான்.

அன்று கவனித்த ஒன்றை அழுத்தமாகச் சொல்ல வேண்டும். முதலில் படத்தைக் காட்டி மட்டும் கொண்டிருந்தபோது வந்தவை பாராட்டுகள். பெஞ்சை விரலால் இழுக்கலாம் என்று பேத்தி கண்டுபிடித்த நிமிடத்திலிருந்துதான் யோசனைகள் வந்தன. பார்க்க மட்டும் விடும் ஏ.ஆர். ஒரு விளம்பரம்; மனை விற்கிறவர்கள் அதை ஏற்கெனவே நன்றாகச் செய்கிறார்கள். நகர்த்த விட்டால்தான் அது கூட்டு வடிவமைப்பு. நியூயார்க்கில் 'இன்சிட்டு' என்ற நிறுவனம், தெருவில் ஒட்டிய க்யூஆர் குறியீட்டைப் போனில் பிடித்தால் அங்கே வரவிருக்கும் கட்டடத்தை நிஜ அளவில் காட்டுகிறது. முன்கூட்டியே தெரிவது பெரிய விஷயம்தான். ஆனாலும் பார்த்தவர் சொல்வது எந்தக் கோப்பில் ஏறுகிறது என்ற கேள்வி அதற்கப்புறம் பாக்கியிருக்கிறது.

எங்கள் பூங்காவைவிடப் பெரிய காரியம் ஒன்றுக்கு இது உதவும் என்று நம்புகிறேன்: ரத வீதிகளுக்கு. வைகாசி விசாகத்துக்கு மலையிலிருந்து அர்த்தநாரீஸ்வரர் ஊருக்குள் இறங்கி வந்து, நான்கு ரத வீதிகளிலும் தேர் ஓடும். மீதி நாளெல்லாம் அதே வீதிகள் கடைவீதி, பஸ் வழி, வண்டி நிறுத்தம். அங்கே விளக்குக் கம்பம் போட்டாலும், அலங்கார வளைவு கட்டினாலும், நடுவில் தடுப்பு வைத்தாலும் தேருக்கு வழி இருக்கிறதா என்று பார்த்தாக வேண்டும். மேல்பார்வை வரைபடத்தில் அகலம் தெரியும். உயரம் தெரியாது. தேர் மூலையில் திரும்பும்போது அதன் மேல்பகுதி எந்தப் பக்கம் எவ்வளவு சாயும் என்பதும் தெரியாது. அது தெரிந்தவர்கள் சக்கரத்துக்கு முட்டுக்கட்டை போடுகிறவர்கள். அந்த அறிவு அவர்கள் கையிலும் கண்ணிலும் இருக்கிறது. எந்த நகராட்சிக் கோப்பிலும் அதற்குக் கட்டம் கிடையாது.

2022 ஏப்ரல் 27 விடிகாலையில் தஞ்சாவூரை அடுத்த களிமேட்டில் அப்பர் சதய விழாத் தேர் உயரழுத்த மின்கம்பியில் பட்டு 11 பேர் இறந்தார்கள். சாலையைப் புதுப்பித்தபோது மட்டம் உயர்ந்திருந்தது ஒரு காரணமாக அப்போது பேசப்பட்டது. பழைய தாரைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் புதிதாகப் போட வேண்டும் என்று தலைமைச் செயலர் 2021இலேயே உத்தரவிட்டிருந்தார். சாலை, மின்கம்பி, தேர் மூன்றும் மூன்று தனித்தனிப் பொறுப்பில் இருக்கின்றன. ஒரே காட்சியில் மூன்றையும் சேர்த்து யாரும் பார்ப்பதில்லை. தேரின் அகல உயரத்தை அளந்து ஒரு முப்பரிமாண உருவமாகச் செய்து, ரத வீதியில் டேப்லெட்டோடு நடந்தால், புதிதாக வரவிருக்கும் கம்பமும் வளைவும் எங்கே இடிக்கும் என்று கண்ணால் பார்க்கலாம். முட்டுக்கட்டைக்காரர் கூட வர வேண்டும். "இங்க கொஞ்சம் வாங்கித் திரும்பும்" என்று அவர் சொல்வதை அந்த இடத்திலேயே உருவத்தில் திருத்த வேண்டும். மின்கம்பியை நேரில் அளப்பதற்கு இது மாற்று ஆகாது. எங்கே அளக்க வேண்டும் என்று காட்டும்.

கருவியின் குறைகளையும் சொல்லாமல் விட்டால் நேர்மையாகாது. போனின் ஜி.பி.எஸ். சில மீட்டர் தள்ளிக் காட்டும். ஓரடி நிலத்துக்கு மூன்று தலைமுறை பேசாமல் இருக்கும் ஊர்களில் அந்தச் சில மீட்டரை வைத்து எல்லைச் சுவரைக் காட்டினால் கலவரமாகிவிடும். கூகுள் தன் ஸ்ட்ரீட் வியூ படங்களோடு ஒப்பிட்டு இடத்தைத் துல்லியமாக்கும் வசதியை 2022இல் கொடுத்தது. ஆனால் அதே ஆண்டில் ஸ்ட்ரீட் வியூ இந்தியாவுக்கு வந்தபோது இருந்தவை 10 நகரங்கள்; தமிழ்நாட்டிலிருந்து சென்னை மட்டும். சிறு ஊர்களில் நான் நம்புவது, புலப்படத்தைப் பார்த்துச் சர்வே கல்லிலிருந்து அளந்து தரையில் ஒட்டும் ஓர் அச்சடித்த குறியைத்தான். வெள்ளையடித்த வெறும் சுவரில் கேமராவுக்குப் பிடிமானம் கிடைக்காது, உருவம் வழுக்கும். போகிற ஆட்டோ பெஞ்சுக்கு முன்னால் போகிறதா பின்னால் போகிறதா என்று பல போன்களுக்குத் தெரியாது; ஆட்டோவுக்குள் பெஞ்சு தெரியும். மே மாதத்தில் கருவியே சூடாகி நின்றுவிடும்.

இவை சரியாகிவிடும். எனக்குக் கவலை தருவது வேறு. திரையில் வரும் மரம் எப்போதும் இருபது வயது மரமாக இருக்கிறது. நடும் புங்கன் கன்று இடுப்பளவுதான் இருக்கும், முதல் மூன்று கோடைக்கு நிழல் கிடையாது. வைத்த அன்றைய உயரத்தையும், பத்து வருடம் கழித்து வரும் உயரத்தையும் இரண்டையும் காட்டாத படத்தை மக்கள் முன் வைக்கவே கூடாது என்பேன். திரையில் குப்பை இல்லை, தெருநாய் இல்லை, சாக்கடை வாடை இல்லை. பக்கத்துத் தறிக்குடோனின் சத்தமும் அதில் கேட்காது. அந்தச் சத்தத்தை ஒட்டி யாரும் பெஞ்சு போட மாட்டார்கள். அதனால் கூட்டத்தை அந்த இடத்தில்தான் வைக்க வேண்டும், குளிர்சாதன அறையில் வைக்கக் கூடாது. இன்னொன்று: டேப்லெட் முதலில் யார் கைக்குப் போகிறதோ அவர் சொல்வதே ஊர் முடிவாகிவிடும் ஆபத்து உண்டு. எங்கள் தெருவில் அது ஆண்கள் கையிலேயே சுற்றிக்கொண்டிருந்தது. பேத்தி பிடுங்காவிட்டால் அமுச்சியின் பெஞ்சு நடுவிலேயே இருந்திருக்கும்.

திரையோடு நின்றுவிடவும் கூடாது. சென்னை தியாகராய நகரில் பாண்டி பஜார் நடைபாதை வளாகம் 2019 நவம்பரில் திறக்கப்பட்டது. நிரந்தரமாகக் கட்டும் முன், மாநகராட்சி அங்கே வாகனங்களைத் திருப்பிவிட்டு, தடுப்புகள் வைத்து, மக்களை நடக்கவிட்டுச் சோதனை ஓட்டம் நடத்திப் பார்த்தது. கடைக்காரர்களின் பயத்துக்கும் பஸ் பயணிகளின் கேள்விக்கும் பதில் தெருவிலேயே தேடப்பட்டது. அது நிஜச் சாமான்களால் செய்த ஏ.ஆர். என்றே சொல்வேன். முதலில் போனில் பத்து யோசனைகளைப் பார்த்து இரண்டாகக் குறைத்து, அந்த இரண்டையும் சுண்ணாம்புக் கோட்டிலும் மணல் மூட்டையிலும் ஒரு வாரம் வைத்துப் பார்த்தால் சின்ன நகராட்சிகளுக்கும் கட்டுப்படியாகும்.

சட்டத்தில் கதவு ஏற்கெனவே திறந்திருக்கிறது. 1971ஆம் ஆண்டின் தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டப்படி முழுமைத் திட்ட வரைவுக்கு ஆட்சேபம் சொல்ல மக்களுக்குக் குறைந்தது இரண்டு மாதம் உண்டு. அது ஊருக்கான பெரிய படம். தெருவுக்கான சின்னப் படத்துக்குப் பகுதி சபை இருக்கிறது. 2022 நவம்பர் 1, உள்ளாட்சி தினத்தன்று தமிழக நகரங்களில் பகுதி சபைகள் கூடத் தொடங்கின. அன்று முதல்வர் மு.க. ஸ்டாலின் பம்மலில் உட்கார்ந்து கேட்டார். கிராமத்துக்குக் கிராம சபை போல நகரத்து வார்டின் பகுதிகளுக்கு இது. தெருவிளக்கு எரியவில்லை, குழாயில் தண்ணீர் வரவில்லை என்ற குறைகள் அங்கே பேசப்பட வேண்டியவைதான். வரப்போகும் வேலையின் வடிவமும் அங்கே பேசப்படலாம்.

நான் கேட்பது பெரிய செலவு இல்லை. பெரிய வேலைகளுக்கு ஆலோசனை நிறுவனங்கள் இப்போதே முப்பரிமாணக் கோப்புகளைச் செய்துதான் வைத்திருக்கின்றன. திறப்பு விழா பிளெக்ஸில் அச்சாகும் படம் அதிலிருந்து எடுத்ததுதான். போனில் திறக்கும்படியான அதன் பிரதி ஒன்றை வார்டுக்குக் கொடுக்க வேண்டும் என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி சேர்த்தால் போதும். எஸ்டிமேட்டுக்குத் தொழில்நுட்ப அனுமதி கிடைப்பதற்கு முன்பு அது கொடுக்கப்பட வேண்டும். அனுமதிக்குப் பிறகு சுவரை ஓரடி நகர்த்த வேண்டுமென்றாலும் திருத்திய எஸ்டிமேட் போட வேண்டும். அதைக் கேட்க எந்த இளநிலைப் பொறியாளருக்கும் மனம் வராது. யார் எதை நகர்த்தச் சொன்னார், ஏன் ஏற்கப்பட்டது அல்லது ஏன் ஏற்கப்படவில்லை என்பதைப் பகுதி சபைத் தீர்மானத்தில் எழுதிச் செயலர் கையெழுத்திட வேண்டும். கூட்டத்தை வேலை நடக்கப்போகும் இடத்தில், வெயில் தாழ்ந்த நேரத்தில், தறி ஷிப்ட் மாறும் வேளை பார்த்து வைக்க வேண்டும். ரத வீதி வேலையானால் முட்டுக்கட்டைக்காரர்களுக்கும், மூலைத் திருப்பமானால் ரிக் டிரைவர்களுக்கும், பேருந்து நிறுத்தமானால் அங்கே தினமும் நிற்கும் பெண்களுக்கும் முன்கூட்டியே சொல்லி அனுப்ப வேண்டும். எங்கள் வார்டில் அடுத்த வேலை எதுவாக இருந்தாலும் சரி, தேதியைச் சொன்னால் டேப்லெட்டோடு நான் வருகிறேன்.